ஹீத் துரையும் உலைச் சுவரும்

இரும்பின் வரலாற்றை எழுதியவர்கள் வாளைப் பற்றி எழுதினார்கள். வாளைப் பிடித்த கையைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கை சாய்த்த தலைகளை எண்ணி எண்ணி எழுதினார்கள். இரும்பைக் காய்ச்சிய நெருப்புக்குக்கூட நாலு வரி கிடைத்தது. அந்த நெருப்பைக் கட்டிப்பிடித்து நின்று, வெந்து, கரைந்து, கடைசியில் கசடோடு கசடாக ஓடிப்போன உலைச் சுவருக்கு மட்டும் எந்த மெய்க்கீர்த்தியிலும் இடம் இல்லை. கங்கை கொண்டவன் உண்டு, கடாரம் கொண்டவன் உண்டு; களிமண் கொண்டவன் என்று எந்த மன்னனும் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை.

நியாயமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் இரும்பு உருகுவதில் என்ன அதிசயம்? அதைச் சுற்றியிருக்கும் மண் ஏன் உருகாமல் நிற்கிறது என்பதுதான் அதிசயம். அதுவும் முழுசாக நிற்பதில்லை. உருகும் இரும்பும் அதன்மேல் மிதக்கும் கசடும் தங்களைத் தாங்கும் சுவரைத் தின்றுகொண்டேதான் இருக்கும். எவ்வளவு வேகமாகத் தின்கின்றன என்பதில் அடங்கியிருக்கிறது இரும்புத் தொழிலின் லாப நட்டம். இந்தக் கணக்கில் முதலாளிகள் மூழ்கினார்கள், விஞ்ஞானிகள் விழுந்தார்கள். ஜெயித்தது ஒரு கோர்ட்டு குமாஸ்தா. அவரிடம் பிறகு வருவோம்.

இந்தக் கதையைச் சொல்லப் பாலக்காட்டுக் கணவாய் தோதான இடம். குஜராத் எல்லையிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்த மேற்குத் தொடர்ச்சி மலை, இங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு லீவு எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஓட்டை வழியாக மிளகு போனது, ரோமானியத் தங்கக் காசு வந்தது, திப்புவின் படை போனது, ரயில் வந்தது. இப்போது பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வாளையாரைத் தாண்டிப் போகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தக் காற்று இரும்பு வாசனையை விட்டதே இல்லை.

முதலில் கொடுமணல். கணவாயைக் கிழக்கே கடந்து நொய்யல் கரையோடு போனால், முசிறிக்கும் கரூருக்கும் இடைப்பட்ட பழைய வணிகப் பாதையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1985 தொடங்கி அங்கே பல முறை அகழாய்வு நடந்தது. நீலக்கல், பச்சைக்கல், படிகம் என்று கிடைத்ததும் பத்திரிகைகள் நகைக்கடை விளம்பரம்போல் கொட்டை எழுத்தில் போட்டன. கூடவே உலைகளும், கண்ணாடிபோல் உருகி இறுகிய மூசை ஓடுகளும் கிடைத்தன. மூசை என்றால் உலோகம் உருக்கும் மண்குடுவை. மூசை ஓட்டை யார் அட்டைப்படத்தில் போடுவார்கள்?

ஆனால் விஷயம் முழுக்க அந்த ஓட்டில்தான் இருக்கிறது. தென்னாட்டு உருக்குக் கொல்லர் மூசை செய்யக் களிமண்ணில் கருக்கிய உமியைத் தாராளமாகக் கலந்தார். நெல் விளைந்தது, அரிசி பண்ணையாருக்கு, தவிடு மாட்டுக்கு, யாருக்கும் வேண்டாத உமி கொல்லருக்கு. அந்த உமியின் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. கருகிய உமியில் மிஞ்சிய கரி, உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்காமல் காத்தது. சூடு ஏற ஏறக் களிமண்ணுக்குள் முல்லைட் என்ற ஊசி ஊசியான படிகம் முளைத்துச் சுவரைத் தைத்துப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கியில் இதைப் பார்த்த ஆய்வாளர்கள் அசந்துபோனார்கள். கொல்லர் அசந்திருக்க மாட்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

மூசைக்குள் தேனிரும்புத் துண்டு, ஆவாரங்குச்சி, எருக்கிலை. மேலே மண்ணால் மூடி. இருபது இருபத்துநாலு மூசைகளைக் கூடாரமாக அடுக்கி, கரி கொட்டி, துருத்தியை இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்கு தயார். ஆறியதும் மூசையை உடைத்து உருக்குக் கட்டியை எடுத்துக்கொள்ள வேண்டியது. சுவரின் ஆயுள் ஒரே ஒரு சூடு. பராமரிப்புச் செலவு கிடையாது, பழுது பார்க்க ஆள் கிடையாது, சப்ளை செய்தவனோடு கேரண்டி சண்டையும் கிடையாது. சுவர் தேயத்தான் போகிறது என்று முதலிலேயே ஒப்புக்கொண்ட ஒரே நிர்வாகம் அதுதான். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் சுவர் தேயாது என்று நம்பித்தான் கடன் வாங்கினார்கள்.

உருக்கு அல்லாத சாதாரண இரும்புக்குக் கிராமத்து மண் உலைகள் இருந்தன. அவற்றில் இரும்பு உருகுவதே இல்லை. கசடுதான் உருகி வடியும், இரும்பு பஞ்சுபோல் பொதபொதத்து அடியில் கிடக்கும். அதை எடுக்க உலையின் முன்பக்கத்தை இடிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலைச் சுவரின் மண்ணும் கொஞ்சம் உருகிக் கசடில் சேர்ந்து, கசடு இளகி ஓட உதவியது. ஆக, சுவர் வெறும் காவல்காரன் அல்ல, சரக்கிலும் பங்குதாரன்.

திப்பு 1799இல் வீழ்ந்ததும், கைக்கு வந்த சொத்தில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வெல்லெஸ்லி பிரபு ஃபிரான்சிஸ் புக்கானனை அனுப்பினார். அவர் தொழில் மருத்துவம். 1800இல் மெட்ராஸில் ஆரம்பித்து, மைசூர், கோயம்புத்தூர் வழியாகக் கணவாய்க்குள் நுழைந்து மலபாரில் இறங்கினார். மாடு எத்தனை, மழை எவ்வளவு, குத்தகை என்ன, உலை எப்படி என்று கண்டதையெல்லாம் எழுதினார். 1807இல் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இரும்பு உருக்குகிறவர்களை அவர் விசாரித்த விதத்தைப் பார்த்தால், அடுத்த வாரமே வரி போட ஆள் வரும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

இதற்கிடையில் லண்டனில் நம் ஊர் உருக்கை வைத்துக்கொண்டு அறிவாளிகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜ் பியர்சன் 1795இல் ஒரு கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே வந்தார். கொல்லர் மகன்தான், பின்னாளில் மின்சாரத்துக்கே தகப்பன் ஸ்தானத்துக்கு வந்தவர். 1819இல் அவர் நம் உருக்கைச் சோதித்து, உள்ளே அலுமினாவும் சிலிக்காவும் இருக்கின்றன, ரகசியம் அலுமினியத்தில் இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அது தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்தால் என்ன? களிமண். மாமேதை உருக்கை ஆராய்வதாக நினைத்துக்கொண்டு பானையை ஆராய்ந்துவிட்டாரோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஆதாரம் இல்லாத சந்தேகம்தான், ஆனால் விடுவதற்கு மனசு வரவில்லை.

இப்போது கதாநாயகர் வருகிறார். ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர். சேலத்தில் கும்பினியின் வணிகப் பிரதிநிதி. கும்பினிக்குத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, மாலையில் ஆளைவைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பென்ஷனோடு ஊர் திரும்பியிருக்கலாம். விதி, கஞ்சமலையைக் காட்டியது. மலை முழுக்க இரும்புக்கல். துரைக்குத் தூக்கம் போயிற்று. வேலையை விட்டார், இங்கிலாந்துக்குப் போய் இரும்புத் தொழில் பார்த்தார், அரசாங்கத்திடம் சலுகையும் கடனும் வாங்கினார். 1830இல் உலை மூட்டினார்.

எங்கே? சேலத்தில் என்று நினைப்பீர்கள். இரும்புக்கல் இருக்கும் இடத்தில் உலை வைப்பது சாமானியர் புத்தி. ஹீத் துரை உலை வைத்தது பரங்கிப்பேட்டையில், வங்காள விரிகுடாவின் ஓரத்தில். கல் சேலத்திலிருந்து வர வேண்டும், கரி காட்டிலிருந்து வர வேண்டும், பணம் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும்போது மட்டும் தூரம் மிச்சம். பிறகு 1833இல் மலபார் கரையில், சாலியாற்று முகத்துவாரத்தில் இருக்கும் பேப்பூரிலும் ஓர் ஆலை. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டு கடலையும் இரும்பால் அணைத்துவிட்டார் மனிதர்.

ஆனால் காட்டுக் கரியை நம்பிய ஊதுலைக்குப் பசி அடங்காது. சுற்றுவட்டாரத்துக் காடுகள் மொட்டையாக மொட்டையாக, கரி இன்னும் தூரத்திலிருந்து வந்தது. கரியின் விலை ஏற, இரும்பின் விலை ஏற, பர்மிங்ஹாம்காரன் சிரித்தான். ஹீத்தின் கம்பெனி நொடித்தது. 1853இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்ற புதுப் பெயரில் எழுந்து, திருவண்ணாமலையிலும் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியிலும் மேலும் உலைகளை எழுப்பி, அவற்றோடு சேர்ந்து மறுபடி நொடித்து, 1874இல் ஒருவழியாகக் கலைந்தது.

பரங்கிப்பேட்டை இரும்பால்தான் வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா பாலத்தையும் மெனாய் தொங்கு பாலத்தையும் கட்டினார்கள் என்று இன்றும் பெருமையாக எழுதுகிறார்கள். பிரிட்டானியா திறந்தது 1850, சரி, இருந்துவிட்டுப் போகட்டும். மெனாய் பாலம் திறந்தது 1826இல். உலை மூட்டியது 1830இல். நம் இரும்பு காலத்தில் பின்னோக்கியும் கப்பலேறக்கூடியது என்று ஏற்றுக்கொண்டால் இந்தப் பெருமையில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஹீத் சோர்ந்துபோகும் ஆள் இல்லை. 1839இல் இரண்டு காரியம் செய்தார். எகிப்தியர்கள் கருங்கல் தூண்களில் சித்திர எழுத்து பொறித்த உளி நம் தென்னாட்டு உருக்கால் ஆனதுதான் என்று ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் ஒரு போடு போட்டார். இன்று வாட்ஸப்பில் வரும் பல செய்திகளுக்கு அவரே பூர்வாசிரியர். அதே ஆண்டு, உருக்கு காய்ச்சும் மூசையில் மாங்கனீசுக் கார்பைடைக் கொஞ்சம் போட்டால் மட்டமான ஆங்கில இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வரும் என்று காப்புரிமை வாங்கினார். முதலாவது புரளி. இரண்டாவது தங்கம்.

அதுவரை ஷெஃபீல்டுக்காரர்கள் நல்ல உருக்கு வேண்டுமானால் ஸ்வீடன் இரும்பை யானை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஹீத்தின் மாங்கனீசு வந்ததும் உருக்கின் விலை சரிந்தது. எல்லோரும் பயன்படுத்தினார்கள். யாரும் காசு கொடுக்கவில்லை. அவருடைய சொந்த ஏஜெண்ட் அன்வின், மாங்கனீசுக் கார்பைடைத் தனியாகச் செய்து போடுவதற்குப் பதில், மாங்கனீசு ஆக்ஸைடையும் கரிச்சரக்கையும் மூசையில் நேராகப் போட்டால் உள்ளேயே கார்பைடு ஆகிவிடுகிறது, காப்புரிமைப் பத்திரத்தில் அப்படி எழுதவில்லையே, ஆகவே நான் திருடவில்லை என்று வாதாடினார். வழக்கு கோர்ட்டு கோர்ட்டாக ஏறிப் பிரபுக்கள் சபைவரை போனது. 1851இல் ஹீத் காலமானார். 1855இல் தீர்ப்பு வந்தது, அவருக்கு எதிராக. செத்த பிறகும் தோற்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது.

இந்த மாங்கனீசை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது சுவருக்குப் பரம விரோதி. மாங்கனீசு ஆக்ஸைடும் சிலிக்காவும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாக உருகுவதைவிடப் பல நூறு டிகிரி குறைவாகவே உருகி வழியும். ஷெஃபீல்டு மூசைகளும் இரண்டு மூன்று சூட்டோடு குப்பைக்குப் போனவைதான் என்பதால், இந்த விரோதம் அப்போது யாரையும் உறுத்தவில்லை.

அடுத்த கூத்து 1856 ஆகஸ்டில். ஹென்றி பெஸ்ஸமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால் விறகே இல்லாமல் உருக்கு ஆகும் என்று செல்ட்டன்ஹாமில் அறிவித்தார். முதலாளிகள் வரிசையில் நின்று 27,000 பவுண்டு கட்டி உரிமம் வாங்கிப்போனார்கள். அவரவர் ஊரில் ஊதிப் பார்த்தார்கள். வந்த உருக்கு, தட்டினால் உடைந்தது. காரணம், இரும்பில் இருந்த பாஸ்பரஸ். பெஸ்ஸமர் சோதனைக்கு எடுத்த இரும்பில் தற்செயலாக பாஸ்பரஸ் குறைவு. மற்றவர்கள் இரும்பில் தாராளம். மேதைகள் இருபது வருடத்துக்கு மேல் இரும்பைக் குடைந்து குடைந்து பார்த்தார்கள். காற்றை மாற்றினார்கள், சூட்டை மாற்றினார்கள். உலைச் சுவரை அநேகமாக யாரும் சந்தேகப்படவில்லை.

சந்தேகப்பட்டவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். லண்டனில் தேம்ஸ் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா. பகலெல்லாம், குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், சாராயக்கடையில் கண்ணாடி உடைத்தவன் என்று வழக்குப் பதிவு. மாலையில் பிர்க்பெக் நிலையத்தில் வேதியியல் வகுப்பு. அங்கே ஆசிரியர் ஒருநாள், பெஸ்ஸமர் உலையில் பாஸ்பரஸை ஒழிக்கிறவன் கோடீஸ்வரன் ஆவான் என்று சொல்லிவைத்தார். குமாஸ்தா சம்பளத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

தாமஸ் கண்டுபிடித்தது ரொம்பச் சாதாரணம். பாஸ்பரஸ் எரிந்தால் அமிலம். அமிலத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பு வேண்டும். உலையில் சுண்ணாம்பைக் கொட்டினால், சுவரோ சிலிக்கா, அதுவும் அமிலக் குணம். சுண்ணாம்பு பாஸ்பரஸை விட்டுவிட்டுச் சுவரைத் தின்னப் போய்விடும். ஆகவே சுவரையே சுண்ணாம்பு ஜாதியாக மாற்று. சுட்ட டோலமைட்டால் உள்பூச்சு போடு. வேல்ஸில் இரும்பாலை ஒன்றில் வேதியியலராக இருந்த சித்தப்பா பையனோ மாமா பையனோ, பெர்ஸி கில்கிறிஸ்ட், உறவு முறையில் கஸின், ரகசியமாகச் சோதித்துக் கொடுத்தார். 1878இல் இரும்பு உருக்குச் சங்கக் கூட்டத்தில் தாமஸ் எழுந்து விஷயத்தைச் சொன்னார். இந்தப் பொடியன் யார் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1879 ஏப்ரலில் மிடில்ஸ்ப்ரோவில் செய்து காட்டியதும் ஐரோப்பாவே மொய்த்தது. வெளியேறிய கசடு பாஸ்பரஸ் உரமாக விற்றது தனி வருமானம். தாமஸ் 1885இல், 34 வயதில் இறந்தார். உலக உருக்கு உற்பத்தியின் முகம் மாறியது ஒரு பூச்சு வேலையால்.

இங்கேதான் சேலத்துக்காரர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய கட்டம். தாமஸ் வழி தொடங்கியதும் சுண்ணாம்பு ஜாதிச் சுவருக்கு உலகமே அலைந்தது. டோலமைட்டைவிட உசத்தி மாக்னசைட். சேலத்தில் அதன் பெயர் வெள்ளைக்கல். ஊருக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று கரடு கரடாகக் கிடந்தது. ஹீத் துரை வருடக்கணக்கில் குடியிருந்த ஊர் அது. ஒரு பக்கம் கருப்பு மலையில் இரும்புக்கல், இன்னொரு பக்கம் அதை உருக்க உலகத்திலேயே சிறந்த சுவருக்கான கல். துரை கருப்பைப் பார்த்தார், வெள்ளையைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் வெள்ளையைத் தவறவிட்டது சரித்திரத்தில் அபூர்வம். 1896இல் இந்தியப் புவியியல் துறையின் மிடில்மிஸ் அதைப் பற்றி விரிவாக எழுதினார். வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருபதாம் நூற்றாண்டில் சூடுபிடித்தன. தமிழ்நாடு அரசின் மாக்னசைட் நிறுவனம் 1979இல்தான் வந்தது. அதற்கு முன்பே சேலத்து வெள்ளைக்கல் செங்கல்லாகி வடநாட்டு உருக்காலைகளின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

இனி மேற்கே, மலைக்கு. கரிக்காகக் காட்டை அழித்த காலம் போய், தண்ணீரைக் கரியாக்கும் காலம் வந்தது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயருக்கு இரண்டு ஆசை: சமஸ்தானம் தனி நாடாக வேண்டும், சமஸ்தானத்தில் தொழிற்சாலை வேண்டும். முதல் ஆசை முகத்தில் வெட்டு வாங்கியதோடு தீர்ந்தது. இரண்டாவது பலித்தது. மூணாறுக்குக் கீழே பள்ளிவாசலில் 1940இல் மின்சாரம் பிறந்தது. அந்த மின்சாரத்தை எரிக்க 1943இல் ஆலுவா பக்கம் அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை வந்தது. உருக்கில் ஃபாரடே தேடிய அலுமினியம், ஃபாரடேயின் மின்சாரத்தாலேயே இடுக்கித் தண்ணீரிலிருந்து வந்தது. அலுமினியத்தை மின்சாரத்தால் பிரிக்கும் தொட்டிகளுக்கு உள்ளே கரிக்கட்டிச் சுவர். சோடியம் அதற்குள் ஊறி ஊறிச் சுவர் உப்பி வெடிக்கும். தேய்ந்து கழற்றிப்போட்ட சுவரில் சயனைடும் ஃபுளோரைடும் இருக்கும் என்பதால், அலுமினியத்தை விற்பதைவிடச் செத்த சுவரை அடக்கம் செய்வது பெரிய தலைவலி.

1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி இடுக்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 780 மெகாவாட். கேரளத்தில் மழை உண்டு, மின்சாரம் உண்டு, ஆலைதான் இல்லை. ஆலை வரட்டும் என்று 1992இல் அரசு ஓர் அழைப்பு விட்டது: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஐந்து வருடத்துக்குப் பழைய மின் கட்டணமே போதும். எல்லைக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மின்சாரத்தால் இரும்பு உருக்குகிறவர்கள் வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டில் இறங்கினார்கள். சலுகை உண்டா, இல்லையா, உண்டென்றால் எதுவரை என்று பிறகு வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. ஹீத் துரை தொடங்கிவைத்த பாரம்பரியம்.

கஞ்சிக்கோட்டு இண்டக்‌ஷன் உலையில் கரி கிடையாது, துருத்தி கிடையாது. தண்ணீர் ஓடும் செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, நடுவே சிலிக்கா மண்ணை இடித்துக் கட்டிய ஒரு பெரிய கிண்ணம். இந்த மண்ணை ராமிங் மாஸ் என்பார்கள். குவார்ட்ஸ் பொடியில் சொற்பம் போரிக் அமிலம். நடுவில் ஃபார்மர் என்ற இரும்பு அச்சை வைத்து, சுற்றிலும் கொட்டி, இடித்து இறுக்குவார்கள். முதல் சூட்டில் ஃபார்மரும் சேர்ந்து உருகிப்போகும். அந்த முதல் சூடு மெதுவாக ஏற வேண்டும்; புது மண்சட்டியைப் பழக்குகிற கதைதான். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடுக்கென்று உப்பும். அவசரப்பட்டால் சுவர் விரிசல் விடும். ஆர்டர் நெருக்கும்போது அவசரப்படாத முதலாளியை இன்னும் பிரம்மா படைக்கவில்லை.

கொடுமணல் கொல்லர் ஒரு சூட்டுக்குக் கட்டினார். இங்கே சில பத்து சூடு வர வேண்டும். ஒரு சூட்டை இங்கே ஹீட் என்பார்கள். எத்தனை ஹீட் வந்தது என்பதுதான் டீக்கடையில் உலையை இயக்கும் மெல்ட்டர்களின் மரியாதையை நிர்ணயிக்கும். துருப்பிடித்த ஸ்கிராப் வந்தால் வந்தது வினை. துரு என்றால் இரும்பு ஆக்ஸைடு. சிலிக்காவோடு கூடினால் 1,205 டிகிரியிலேயே உருகிவிடும். உலைக்குள் 1,600க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரின் நிலை என்னவென்று யோசித்துக்கொள்ளலாம். கசடு மிதக்கும் மட்டத்தில் சுவர் வளையம் வளையமாகக் குழிந்துபோகும்.

இதில் ஒரு விஷமமான இயற்பியல் இருக்கிறது. சுவர் மெலிய மெலியச் செப்புச் சுருளுக்கும் இரும்புக்கும் இடைவெளி குறையும். கொள்ளளவு கூடும், டன்னுக்கு யூனிட் குறையும். அதாவது, சுவர் சாகப்போகும் நேரத்தில்தான் உலை மிகச் சிறப்பாக வேலை செய்யும். மின் கட்டணச் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது வரம். எந்த ஆலையிலும் நடக்கக்கூடிய உரையாடல் இப்படித்தான் போகும்:

“ஏப்பா, இன்னும் ரெண்டு ஹீட் போகுமா?”

“போகுமுங்க மொதலாளி. கூட நாமளும் போயிருவோமுங்க.”

மேஸ்திரி தமாஷுக்குச் சொல்லவில்லை. சுவர் ஓட்டையாகி உருகிய இரும்பு செப்புக் குழாயைத் தொட்டால், குழாய்க்குள் ஓடும் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி வெடிக்கும். இரும்பு கசிகிறதா என்று மோப்பம் பிடிக்க எர்த் லீக்கேஜ் மீட்டர் உண்டு. அது சும்மா சும்மா கத்துகிறது என்று அதன் வாயைக் கட்டிவைக்கும் புத்திசாலிகளும் தொழிலில் உண்டு.

பக்கத்தில் வாளையாரில் 1984 முதல் ஓடும் மலபார் சிமெண்ட்ஸ் வேறு ரகம். அங்கே படுத்துச் சுழலும் சூளை. சிமெண்ட்டுக் கல்லே சூட்டில் இளகிச் செங்கல்மேல் மேல்தோலாக ஒட்டிக்கொண்டு சுவரைக் காக்கும். எரிகிறவரை நிம்மதி. நின்றால் ஆறும், ஆறினால் மேல்தோல் உரியும், உரியும்போது செங்கல்லையும் கூட்டிக்கொண்டு விழும். ஹர்த்தாலுக்குப் பெயர்போன மாநிலத்தில், நின்றால் கெட்டுப்போகும் எந்திரத்தை வைத்துச் சமாளிப்பது எளிதில்லை.

மின்சாரத்தை நம்பி வந்தவர்களுக்கு மின்சாரமே எமனாகவும் வந்தது. சலுகை முடிந்து கட்டணம் ஏறியதும் கஞ்சிக்கோட்டில் பல உலைகள் அணைந்தன. இந்த ஆபத்தை முன்னாலேயே மோப்பம் பிடித்தவர்கள், தண்ணீரையே சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று யோசித்தார்கள். பாலக்காட்டில் பள்ளத்தேரியில் உருக்காலை வைத்திருந்த இண்ட்சில் நிறுவனம், இடுக்கியில் ராஜாக்காட்டுப் பக்கம் குத்துங்கல்லில் 21 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டியது. 2001 முதல் அது ஓடுகிறது. ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கீழே தண்ணீர் விழும். மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிட்டுப் பாலக்காட்டில் இறக்கிக்கொண்டார்கள். போடிமெட்டு வழியே தேனியிலிருந்து ஜீப்பில் வந்து ஏலக்காய் பறிப்பவர்களுக்கு, தங்கள் காலடியில் ஓடும் ஓடை பாலக்காட்டில் ஏதோ ஒரு சுவரைக் கரைத்துக்கொண்டிருந்தது என்று யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்?

அந்தப் பாலக்காட்டு உலையில் உருகியது என்ன தெரியுமா? சிலிகோ மாங்கனீசு. ஹீத் துரை மூசைக்குள் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாரே, அதன் கொள்ளுப்பேரன். மாங்கனீசுக் கல், குவார்ட்ஸ், கோக் மூன்றையும் கொட்டி, மின்முனையை உள்ளே புதைத்து எரிப்பார்கள். ஒரு டன் எடுக்க நாலாயிரம் யூனிட் அளவில் மின்சாரம் போகும். மாங்கனீசின் குணம் தெரிந்ததால், இந்த வகை உலையில் உருகிய உலோகம் நிற்கும் இடத்துக்குச் சிலிக்கா வைப்பதில்லை, கரிக்கட்டிதான். கரியையும் உலோகம் மெல்லக் கரைத்துக்கொள்ளும். அதிகம் அடிவாங்குவது உலோகம் வெளியேறும் வாய். திறக்க ஆக்சிஜன் குழாயால் எரித்துத் துளை போடுவார்கள், மூடக் களிமண்ணை அடைப்பார்கள். மறுபடி எரிப்பு, மறுபடி களிமண். கொடுமணலில் விட்ட இடத்திலேயே களிமண் இன்னும் நிற்கிறது.

உருக்கில் கலந்த ஆக்சிஜனைப் பிடித்து வெளியேற்றச் சிலிகோ மாங்கனீசு இல்லாமல் இண்டக்‌ஷன் உலைக்காரர்களுக்குக் காரியம் நடக்காது. எப்போது போடுவது என்பதில்தான் மெல்ட்டரின் சாமர்த்தியம். சீக்கிரமே உலையில் போட்டால், மாங்கனீசு ஆக்ஸைடாகித் தன் பழைய விரோதியான சிலிக்காச் சுவரைத் தேடிப்போகும். அதனால் அனுபவசாலி கடைசிவரை கையிலேயே வைத்திருப்பார். உலையைச் சாய்த்து உருக்கு லேடில் என்ற பெரிய வாளியில் விழும்போது, அந்தத் தாரையோடு வீசிவிடுவார். உலைச் சுவருக்கு இரண்டு ஹீட் ஆயுசு கூடும். லேடிலுக்குள்ளும் ஒரு சுவர் இருக்கிறதே என்று கேட்டால், அது வேறு காண்ட்ராக்டர் என்பார்.